ஆவணி வரைக்கும்

இந்தப் பலகையைத் துடைக்கத் துடைக்க எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன், மண்ணெண்ணெய் தொட்டுப் பார்த்தேன், போகவில்லை. திருநள்ளாற்றில் நம் லாட்ஜ் மாடிப்படி ஓரமாக இத்தனை காலம் தொங்கிய மரம் வேறு எப்படி இருக்கும்? நளன் குளத்துக்குப் போகிற கூட்டம் முழுக்கத் தலை நிறைய நல்லெண்ணெயை வைத்துக்கொண்டு, இதன்மேல் ஒரு கையை ஊன்றித்தான் இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் 'ரூம் உண்டு'. திருப்பினால் 'ரூம் இல்லை'. இரண்டும் உன் எழுத்து. 'ரூ' போட்டுவிட்டு இடம் போதாமல் 'ம்'மை மூலையில் இடித்துத் திணித்திருக்கிறாய். உன் எழுத்து என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

என் மனைவிக்கு இது வீட்டுக்குள் இருப்பதே பிடிக்கவில்லை. "சனீஸ்வரன் ஊர்லேருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்கிறாள். அதெல்லாம் வெளியூர்க்காரர்கள் பேச்சு, நாமெல்லாம் காரைக்கால்காரர்கள், தினம் அந்த வழியாகத்தான் போய் வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாது, அங்கிருந்து நான் எடுத்து வந்தது இது மட்டும் இல்லை என்று.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்த மடல் போதாது. செத்துப் போனவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். நீ பாட்டுக்கு ஆனி மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ போட்ட விதி இங்கேயே இருக்கிறது. என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா, டைல்ஸ் கம்பெனி கேன்டீனில் நீ அந்த ஓய்வு நிதிக்கு ஆள் பிடித்தது? அரசாங்கத்தின் பி.எஃப். ஒரு பக்கம் இருக்கட்டும், நாமே மாதம் கொஞ்சம் சம்பளத்தில் பிடிப்போம், கம்பெனியும் அதே அளவு போடட்டும், வேலையை விட்டுப் போகிற அன்று அவனவன் பங்கை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து பேசினாய். சூளைப் பிரிவில் நீ, லோடிங்கில் நான். இரண்டு பிரிவையும் நாம் சேர்த்தால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாய். வந்தார்கள். நீயும் நானும் தொழிலாளர் சார்பில் அறங்காவலர்கள் ஆனோம். கம்பெனி சார்பில் மேலாளரும் இன்னொருவரும்.

சேர்ந்த பணத்தில் பாதியை வங்கியில் போட்டோம். மீதியில் திருநள்ளாற்றில் ஒரு பழைய லாட்ஜை வாங்கலாம் என்று நீதான் சொன்னாய். எல்லோரும் உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நீ விடவில்லை.

"பேங்க்ல போட்டா தூங்கும்டா. திருநள்ளாத்துல போட்டா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எந்திரிக்கும்."

சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. சனீஸ்வரனையே பங்குதாரர் ஆக்கிவிட்டான் இவன் என்று நான் கேலி செய்தேன். பத்திரம் பதிந்த அன்று நீயே பலகை வாங்கி, நீயே பெயின்ட் அடித்து, நீயே எழுதி மாட்டினாய். பெயின்டருக்குக் கொடுக்கலாமே என்றதற்கு, "அது ரெண்டு ரூமு வாடகை" என்றாய்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. நடுவில் ஒருவன் வேலையை விட்டுப் போனால் அவன் பங்கு எவ்வளவு? வங்கியில் இருப்பதற்குப் பாஸ்புக் பதில் சொல்லும். லாட்ஜுக்கு யார் சொல்வது? வாங்கிய விலையா, இன்றைய விலையா? இன்றைய விலை என்றால் எந்த இன்று? பெயர்ச்சி வருகிற வருடம் அந்தத் தெருவில் கேட்கிற விலை வேறு, மழையில் நாய்கூடப் படுக்காத ஐப்பசியில் கேட்கிற விலை வேறு. கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நீ கடைசியாக எழுந்தாய். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, ஆவணி மாதம், வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்த்து விலை எழுதட்டும். அடுத்த ஆவணி வரைக்கும் அதுதான் விலை. நடுவில் போகிறவனுக்கு அந்தக் கணக்குதான், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது.

"ஒவ்வொருத்தன் போறப்பவும் வெல பாத்தா, எவன் மூஞ்சி புடிச்சிருக்கோ அவனுக்கு வெல ஏறும். புடிக்காதவனுக்கு எறங்கும். தேதிக்கு மூஞ்சி கெடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இன்றைக்கும் அந்த விதியில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணியில் பொறியாளர் வந்த அன்று கம்பெனியில் ஏதோ ஆய்வு. உனக்கும் எனக்கும் வெளியே போக அனுமதி கிடைக்கவில்லை. அவர் தனியாகத்தான் போனார். லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் மாரிமுத்துவிடம் ஆள் வருவார் என்று சொல்லியிருந்தோம். எதற்கு வருவார் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை. அறை அத்தனையும் நிறைந்திருந்தது, ஆனால் தங்கியிருந்தவர்கள் எல்லாம் விடியுமுன்னே குளத்துக்குப் போய்விட்டார்கள். டேப்பும் கையுமாக ஒருவர் வாசலில் வந்து நிற்பதை மாரிமுத்து பார்த்தான். அந்தத் தெருவில் டேப் பிடித்துக்கொண்டு வருகிறவர் யார்? வீட்டுவரிக்காரர். அதைப் பார்த்ததும் அந்தத் தெருவில் எவனும் என்ன செய்வானோ அதைத்தான் அவனும் செய்தான். பலகையை 'ரூம் உண்டு' என்று திருப்பினான். மாடிப்படிக் கதவைப் பூட்டினான். முன்னால் இரண்டு சிமெண்டு மூட்டையை இழுத்துப் போட்டான்.

"மேல ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ஒழுகுது, ஆளு தங்க முடியாது. கீழ அஞ்சாறு ரூமு. அதுவும் மாசத்துல ரெண்டு நாளு ஆளு வந்தா பெருசு" என்று கைகட்டிக்கொண்டு சொன்னானாம்.

அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவன் உன்னிடம் வந்து, பெரிய காரியம் சாதித்த மாதிரி, "வரியில ஒரு பெரிய தொகைய மிச்சம் பண்ணிக் குடுத்துட்டேன் சார்" என்றானே! கேன்டீனில் அறிக்கையைப் படித்துவிட்டு, "டேய், இதுல மாடியே இல்லடா!" என்று நீ சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நானும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் அது உறைத்தது.

மேலாளரிடம் போனோம். கையெழுத்தாகித் தணிக்கைக்குப் போய்விட்டது என்றார். "எல்லாரும் இங்கதான இருக்கோம், எவனும் போகப் போறதில்ல. அடுத்த ஆவணில தானா சரியாயிடும். யாருக்கு நட்டம்?" என்றாய். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆறு மாதத்தில் ராஜேந்திரன் போக வேண்டி வந்தது. குரும்பகரத்துக்காரன், என்னோடு லோடிங்கில் இருந்தவன். அவன் மனைவிக்குத் தலையில் கட்டி, கூடவே இருந்து பார்க்க ஆள் இல்லை. ஓய்வு நிதியை வாங்கி, வைத்தியத்துக்கு அடமானம் வைத்த வயலைத் திருப்பிவிடலாம் என்று நம்பியிருந்தான். மாடி இல்லாத லாட்ஜின் கணக்குப்படி அவன் கைக்கு வந்தது பாதிகூட இல்லை. உன் வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் இருந்தேன். உன் மனைவி வசந்தா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான்.

"மாடி இருக்குன்னு உங்களுக்கே தெரியுமேண்ணே. ஒரு தடவ திருப்பிப் பாக்கச் சொல்லுங்கண்ணே. வயலு போயிடும்."

"உனக்காகத் திருப்பிப் பாத்தா நாளைக்கி வர்றவனுக்கும் பாக்கணும் ராஜேந்திரா. ஆவணி வரைக்கும் இதான் வெல. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"ஆவணி வரைக்கும் அவ இருப்பாளாண்ணே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அவள் இருக்கவில்லை. வயலும் இருக்கவில்லை. இப்போது நளன் குளத்துக்குப் போகிற வழியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு எள் முடிச்சும் தேங்காயும் விற்கிறான். அவனைப் பார்க்கக் கூடாது என்றே நீ அந்தத் தெருவில் போவதை விட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். லாட்ஜுக்குப் பின்பக்கமாக, சாக்கடையைத் தாண்டி வருவாய். நானும் ஒன்றும் கேட்டதில்லை.

அப்புறம் உனக்கு வந்தது. கல்லீரல் என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். தஞ்சாவூரில் அந்த ஆஸ்பத்திரிக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாள் வசந்தா. சித்திரை, வைகாசி என்று இழுத்தது. ஆனி பிறந்ததும் ஒரு நாள் பஸ் பிடித்து வந்து உன் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். மஞ்சளாகக் கிடந்தாய். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஆவணி வரைக்கும் என்னைய வச்சிருக்கச் சொல்லுடா டாக்டர்ட்ட. ஆவணி போதும். அப்பறம் என்ன வேணா ஆகட்டும்."

உயிர்மேல் ஆசையில் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஆவணியில் மாடியோடு விலை எழுதுவார்கள், அந்த விலையில் உன் பங்கு வந்தால் வீடு மீளும். அதற்கு முன்னால் போனால் பழைய கணக்கு. நீ அடித்துப் பேசி வாங்கிய விதியின்படி, நீயே ஆவணி வரைக்கும் உயிரோடு இருந்தாக வேண்டும். "இரு, நான் மேலாளர்ட்ட பேசறேன். தேதிய முன்னாடி கொண்டாந்துருவோம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றேன். நீ என் சட்டையை விட்டுவிட்டாய்.

"ராஜேந்திரன்ட்ட நான் என்னடா சொன்னேன்?"

அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன் பிறகு நீ என்னோடு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனி முடியுமுன் போய்விட்டாய்.

இதோ, ஆவணியும் வந்தது. அதே பொறியாளர். இந்தத் தடவை நான் விடுப்புப் போட்டுவிட்டு, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக அவர் கூடவே நடந்தேன். மாடிக்கு ஏறியதும் அவர் நின்றுவிட்டார். "போன தடவ படிக்கு முன்னால மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்களே" என்றார். மாரிமுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவர் கீழே இறங்கியதும் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"கொண்டு போயிருங்க சார். நாந்தான் அவர் பங்கத் தின்னுட்டேன். இதப் பாக்கவே முடியல."

வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

புது விலை பழையதைப் போல் மூன்று மடங்கு. நீ இரண்டு மாதம் பொறுத்திருந்தால் வீடும் மீண்டு, உன் சின்ன மகள் படிப்புக்கும் மிஞ்சியிருக்கும்.

அடுத்த நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்காக உண்மையாகவே வருத்தப்படுகிறார். அறிக்கையில் பார்வையிட்ட தேதியை நீ போவதற்கு முந்தின ஆனி நாள் ஒன்றாகப் போட்டுவிட்டால் போதும், பொறியாளரிடம் பேசிவிட்டேன், அவரும் சம்மதம் என்றார். "இந்த நிதியையே உண்டாக்குன மனுஷன். அவருக்குச் செய்யலன்னா வேற யாருக்குச் செய்யறது?" என்றார். உன் இடத்தில் இப்போது சூளைப் பிரிவு சேகர் அறங்காவலன். அவனும் தயார். மூன்று கையெழுத்து ஆகிவிட்டது. நான்காவது என்னுடையது.

அன்று சாயங்காலமே வசந்தா வந்துவிட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள், வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"என்னண்ணே யோசிக்கிறீங்களாமே? இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு?"

நீ ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். ராஜேந்திரனைச் சொன்னேன். மென்று முழுங்கித்தான் சொன்னேன்.

"அவரு நியாயத்தப் புடிச்சிக்கிட்டே போயிட்டாரு. நீங்களும் புடிச்சிக்கங்க. எனக்கு நியாயம் வேணாண்ணே, வீடு வேணும். புரட்டாசிக் கடைசிக்குள்ள கட்டலன்னா ஏலத்துக்கு விட்டுருவாங்க. பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்கண்ணே போவேன்?"

என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன். சத்தியமாகச் செய்தேன்.

மறுநாள் காலை திருநள்ளாறு போய் ராஜேந்திரன் எதிரில் உட்கார்ந்தேன். அவனிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை. அவன் எள்ளைக் கறுப்புத் துணியில் வைத்து முடிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அவரு ஆவணி வரைக்கும் இருக்கப் பாத்தாருன்னு கேள்விப்பட்டேண்ணே. நான் அவர எவ்வளவோ திட்டியிருக்கேன். மண்ணள்ளித் தூத்தியிருக்கேன். தனக்குன்னு வந்தா மாத்திக்குவாருன்னு நெனச்சேன். மாத்தலன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு." ஒரு முடிச்சைக் கூடையில் போட்டான். "இப்ப நீங்க அவருக்கு மட்டும் மாத்துனீங்கன்னா, நான் கம்பெனி வாசல்ல வந்து நின்னு கத்துவேன். உங்கள்ட்ட சொல்லாம கத்தக்கூடாதுல்ல, அதான் சொல்றேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. தேதியை ஏன் மாற்ற வேண்டும்? பழைய ஆவணியே இருக்கட்டும். அந்த ஆவணியில் மாடி இருந்ததா, இல்லையா? இருந்தது. அதைச் சேர்த்து, அந்த நாளின் விலையை உள்ளபடி எழுதினால் போதுமே! உன் விதி ஒரு நூல்கூட அசையாது. புது விலை அளவுக்கு வராது, ஆனால் உன் வீட்டை மீட்க அது போதும். ராஜேந்திரனுக்கும் கிடைக்கும், நடுவில் போன மற்ற மூன்று பேருக்கும் கிடைக்கும். உனக்கு இது ஏன் தோன்றாமல் போனது? தேதி தேதி என்று கட்டிக்கொண்டு அழுதாயே, அந்தத் தேதியில் எழுதியது பொய் என்று உன் கண்ணில் ஏன் படவில்லை? எனக்கும் படவில்லைதான். ஆனால் நான் உன்னைத் திட்ட உட்கார்ந்திருக்கிறேன், என்னை இல்லை.

அறங்காவலர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்சு பேருக்குத் திறந்தா உள்ள இருக்கிற எல்லார் பங்கும் கொறையும். அவங்க சம்மதிக்கணும், பொதுக்கூட்டம் போடணும், வக்கீலப் பாக்கணும். மாசக்கணக்குல ஆகும்ங்க. அதுக்குள்ள வீடு போயிடும்" என்றார். சேகர் தலையைக் குனிந்துகொண்டே, "அவருக்குன்னா நான் கண்ண மூடிக்கிட்டுப் போடறேண்ணே. அஞ்சு பேருக்குன்னா சூளைல என்னைய உரிச்சிருவாங்க" என்றான். அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். ஆனி என்று போட்டிருந்தது. பேனாவும் கொடுத்தார்கள்.

கை வரவில்லையடா. வசந்தாவை நினைத்தேன், சின்னவளை நினைத்தேன், வரவில்லை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. சாகிற நேரத்தில் நீ வேண்டாம் என்றதை, நீ செத்த பிறகு நான் எப்படிச் செய்வது? பேனாவை மூடி வைத்துவிட்டேன். பழைய கணக்குப்படி காசோலை எழுதி மேலாளரே கொண்டுபோய்க் கொடுத்தார். வசந்தா இப்போது என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். நீ ராஜேந்திரனுக்குப் பயந்து சாக்கடையைத் தாண்டி வந்தாயே, அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

ஐப்பசியில் நான் ஓய்வு பெறுகிறேன். என் பங்குக்குப் புது விலை. போன வாரம் அந்தத் தொகையைச் சொன்னார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஏன் அதிகம் என்று காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கும் ராஜேந்திரனுக்கும் கொடுக்காதது எங்கும் ஓடிப்போகவில்லை. நிதியிலேயே தங்கி, உள்ளே இருந்தவர்கள் தலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. என் பங்குக்குள் உன் பங்கு இருக்கிறது. சேகரிடம் இருக்கிறது. கேன்டீனில் எனக்கு டீ போடுகிறவளிடம் இருக்கிறது. யாரும் திருடவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.

அன்றிலிருந்து ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் நிற்கிறேன். வருகிறவர்களையும் போகிறவர்களையும் நிறுத்தி விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் பங்கில் அவனுடையது இவ்வளவு இருக்கிறது, அதை நிதியிலிருந்து முன்பணமாக எடுத்துக் கொடுங்கள், வீடு மீளட்டும் என்று கேட்கிறேன். சிலர் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். சிலர் வண்டியை நிறுத்துவதே இல்லை. நேற்று புதிதாகச் சேர்ந்த ஒருவன், "சட்டப்படி அது யாருக்குண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "உனக்குத்தான் தம்பி" என்றேன். அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவனை நான் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ராஜேந்திரன் காலிக் கூடையோடு வந்து என் பக்கத்தில் நின்றான். கத்தத்தான் வந்திருக்கிறான் என்று பயந்தேன். "மொதல்ல வீடு மீளட்டும்ணே. என் வயலதான் வித்துட்டுப் போயிட்டானுங்களே, என் பங்கு எங்க ஓடப் போவுது. ஆனா என்னைய மறந்துராதீங்க" என்றான். அவன் நிற்பதைப் பார்த்த பிறகு லோடிங் ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர் கொடுத்தார்கள்.

இருந்தும் பாதி தேறவில்லை. என் பங்கு ஐப்பசியில்தான் கைக்கு வரும், புரட்டாசியோ முடியப் போகிறது. காலையில் எழுந்தால் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன், உன்னைப் போலவே. இது பலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பலிக்காமல் போனால் அந்த வீட்டுச் சாமான்களை ஏற்ற நான்தான் வண்டி கொண்டுபோய் நிற்க வேண்டும். வசந்தா என்னைத் தொடக்கூட விடமாட்டாள். நீ இருந்தால், வாசலில் நின்று இப்படிக் கை நீட்டுவதற்கும் ஒரு விதி போட்டு என்னைத் தடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். தடுக்கத்தான் நீ இல்லையே. என்ன செய்வதென்று கேட்கவும் நீ இல்லை. எனக்கு உன்னை விட்டால் யாரிடமடா கேட்கத் தெரியும்?

மறுபடியும் சொல்கிறாள் என் மனைவி, அந்த ஊரிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாங்க என்று. பலகையைச் சொல்கிறாள். பலகையை நாளைக்கே கொண்டுபோய் மாட்டிவிடலாம். உன் பங்கு என்னிடம் இருக்கிறதடா. அதை உன் வீட்டு வாசலில் வைக்கும்வரை நான் எப்படி ஓய்வு பெறுவேன்?